இறைச்சி சாப்பிட்டும் பி12 குறைவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 47. பல ஆண்டுகளாகத் தைராய்டு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். பால், முட்டை, இறைச்சி எதையும் தவிர்ப்பதில்லை. ஆனாலும் கடுமையான ரத்தசோகை வந்தது, பாதங்கள் மரத்துப்போயின. வைட்டமின் பி12 மிகக் குறைவு என்றார்கள். பெரைட்டல் செல் ஆன்டிபாடி இருக்கிறது, இன்ட்ரின்சிக் ஃபேக்டர் ஆன்டிபாடி இல்லை என்று பரிசோதனை முடிவு வந்தது. ஊசி போட்டபின் ரத்தம் சரியாகிவிட்டது. இனி ஊசியை நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சரியானது ரத்தசோகை மட்டும்தான். குறைபாட்டின் காரணம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

இரைப்பையின் பெரைட்டல் செல்கள் அமிலத்தோடு இன்ட்ரின்சிக் ஃபேக்டர் என்ற புரதத்தையும் சுரக்கின்றன. அந்தப் புரதத்தோடு இணைந்த பி12தான் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்படும். சிலருக்கு உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே இந்தச் செல்களைத் தாக்கி அழிக்கிறது. இதனால் வரும் நோய்க்குப் பெர்னீஷியஸ் அனீமியா என்று பெயர். அப்போது எவ்வளவு நல்ல உணவு சாப்பிட்டாலும் பி12 போதிய அளவில் ரத்தத்தில் சேராது. உங்கள் உணவில் குறை தேட வேண்டியதில்லை.

இனி அந்த இரண்டு ஆன்டிபாடிகள், அதாவது இந்தத் தாக்குதலில் நோய் எதிர்ப்பு மண்டலம் உருவாக்கும் புரதங்கள். இன்ட்ரின்சிக் ஃபேக்டர் ஆன்டிபாடி இருந்தால் நோய் ஏறக்குறைய உறுதி. ஆனால் இந்நோய் உள்ளவர்களில் பாதிப் பேருக்குச் சற்று அதிகமானோரிடம்தான் அது தென்படும். ஆகவே 'இல்லை' என்ற முடிவை வைத்து நோய் இல்லை என்று சொல்லவே முடியாது. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு சிகிச்சையைக் கைவிடுபவர்களை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பெரைட்டல் செல் ஆன்டிபாடியோ நோயாளிகளில் பெரும்பாலோரிடம் இருக்கும். தைராய்டு நோயாளிகளிடமும், நலமாக உள்ள முதியவர்கள் சிலரிடமும்கூட இருக்கும். தனியாக அது எதையும் நிரூபிக்காது. உங்கள் விஷயத்தில் நல்ல உணவு, மிகக் குறைந்த பி12, மரத்துப்போன பாதங்கள், அதோடு தைராய்டு நோய். தைராய்டும் தன்னுடல் தாக்குதலால் கெட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து வருவது வழக்கம்தான். எல்லாம் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின், அமிலம் குறைக்கும் மாத்திரைகள் ஆகியவற்றை நெடுநாள் எடுத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவையும் பி12ஐக் குறைக்கும்.

ஊசியை நிறுத்தினால் உடனே ஒன்றும் தெரியாது. ஆபத்தே அதுதான். நாளொன்றுக்குத் தேவை சுமார் 2.4 மைக்ரோகிராம், கல்லீரலிலோ சில மில்லிகிராம் சேமிப்பு இருக்கும். அது கரைய மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் ஆகும். அதற்குள் 'குணமாகிவிட்டது' என்று நம்பிவிடுவோம். நரம்புகள் நெடுநாள் பட்டினி கிடந்தால் பிறகு முழுதாக மீளாமலும் போகலாம். ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் எடுப்பதும் கூடாது. ரத்தசோகை தேறியதுபோல் தோன்றும், நரம்புச் சேதம் தொடரும்.

ஊசிதான் சிரமம் என்றால் மாற்று வழி உண்டு. இன்ட்ரின்சிக் ஃபேக்டர் இல்லாமலே சுமார் ஒரு சதவீத பி12 குடலில் ஊடுருவும். அதனால் தினமும் 1,000 முதல் 2,000 மைக்ரோகிராம் மாத்திரை பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. நரம்புப் பாதிப்பு இருப்பதால், எப்போது மாத்திரைக்கு மாறலாம் என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். இரைப்பை அமிலம் குறைவதால் இரும்புச்சத்தும் குறையக்கூடும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைச் செய்து பாருங்கள். இந்த நோயில் இரைப்பைக் கட்டிகளுக்கான வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதால், எண்டோஸ்கோப்பி தேவையா என்றும் கேளுங்கள். அதில் எடுக்கும் திசுப் பரிசோதனை, ஆன்டிபாடி தீர்க்காத சந்தேகத்தையும் தீர்த்துவிடும்.