சொந்தத் தொழில் தொடங்க விரும்புகிறவர் பல்கலைக்கழகத்தில் வணிகமும் தொழில்முனைவும் படிப்பது பயன் தருமா?

பயன் தரும் என்பதே என் பதில். ஆனால் அந்தப் பயன் எந்தப் பாடத்திலிருந்து வருகிறது என்பதில் நான் பலரிடமிருந்து வேறுபடுகிறேன்.

மூன்று நான்கு வருடம் இதைப் படிப்பதா, அந்த வருடங்களை நேரடியாகத் தொழிலில் போடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இந்தப் படிப்பை முடித்து, கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஒரு சிறு நிறுவனத்தை நடத்துகிறேன். பாடத்திட்டத்தைப் பார்த்ததும் கண்ணைக் கவரும் பாடங்கள் சில உண்டு: புத்தாக்கம், தலைமைப் பண்பு, முதலீட்டாளர் முன் பிட்ச் செய்வது, அதாவது தொழில் யோசனையைச் சுருக்கமாக எடுத்துச் சொல்லி முதலீடு கேட்பது. இவை எனக்குக் குறைவாகவே உதவின. வகுப்பே எப்போது முடியும் என்று காத்திருந்த பாடங்கள்தான் இன்றும் வாரந்தவறாமல் கைகொடுக்கின்றன.

முதலாவது கணக்கியல். இந்த ஒரு பாடத்துக்காகவே பல்கலைக்கழகம் போகலாம் என்பேன். ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். 60-க்கு வாங்கிய சரக்கை 100-க்கு விற்கிறீர்கள். சரக்கு கொடுத்தவருக்கு உடனே பணம் தர வேண்டும். உங்களிடம் வாங்கியவர் இரண்டு மாதம் கழித்துத் தருவார். வியாபாரம் மாதாமாதம் இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் விற்பனை 100, அடுத்த மாதம் 200, மூன்றாம் மாதம் 400. லாப நட்டக் கணக்குப்படி மூன்று மாதத்தில் உங்கள் லாபம் 280. கையில் எவ்வளவு? சரக்குக்கு 60, 120, 240 என்று மொத்தம் 420 வெளியே போயிருக்கிறது. உள்ளே வந்தது முதல் மாத விற்பனையின் 100 மட்டும். ஆக, 320 துண்டு விழுகிறது. வியாபாரம் வேகமாக வளர வளர இந்தத் துண்டும் பெரிதாகிக்கொண்டே போகும். நன்றாக ஓடுகிற நிறுவனம் சம்பளம் கொடுக்க முடியாமல் திடீரென்று மூடப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதைத் தொழிலிலேயே கற்றுக்கொள்ளலாம்தான். ஆனால் அங்கே பாடம் வருவது, வங்கிக் கணக்கு காலியான பிறகு. வகுப்பில் இதையே காகிதத்தில் பத்து விதமாகப் போட்டுப் பார்க்கலாம்: பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்டால் என்ன ஆகும், சரக்குக் கடன் ஒரு மாதம் கிடைத்தால் என்ன ஆகும், வளர்ச்சியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தினால் என்ன ஆகும். லாப நட்டக் கணக்கு, சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பு, பணம் வந்துபோனதைக் காட்டும் பணப்புழக்க அறிக்கை மூன்றையும் ஒன்றாக வைத்துப் படிக்கத் தெரிந்தவரால், ஒரு நிறுவனத்தின் உடல்நிலையை அதன் உரிமையாளர் வாய் திறப்பதற்கு முன்பே ஓரளவு சொல்லிவிட முடியும். ஒப்பந்தச் சட்டத்தையும் விலை நிர்ணயத்தையும் இதே வரிசையில்தான் வைப்பேன்.

சரி, தொழில்முனைவு என்ற பகுதிக்கு வருவோம். வணிகக் கல்வியோடு ஒப்பிட்டால் இது வயதில் இளையது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளி 1881-ல் தொடங்கியது, ஹார்வர்டின் வணிகப் பள்ளி 1908-ல். பெரிய நிறுவனங்களை நிர்வகிக்க ஆட்களைத் தயார் செய்வதுதான் அப்படிப்பட்ட பள்ளிகளின் முக்கிய வேலையாக இருந்தது. புதிதாக ஒரு நிறுவனத்தைத் தொடங்குவது பற்றி பேராசிரியர் மைல்ஸ் மேஸ் ஹார்வர்டில் ஒரு பாடம் நடத்தியது, இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த வீரர்கள் வகுப்புகளை நிரப்பியிருந்த 1947-ல்தான். அதற்குப் பிறகும் பல காலம் இந்தப் பாடம் பிசினஸ் பிளான் எழுதுவதையே சுற்றிக்கொண்டிருந்தது. ஐந்து வருட வருமானத்தை ஊகித்து, அட்டவணை போட்டு, அழகாக பைண்ட் செய்து கொடுத்தால் மதிப்பெண். வாடிக்கையாளர் ஒருவரைக்கூடப் பார்க்காமல் அதை எழுதி முடித்துவிடலாம் என்பதுதான் அதன் பெரிய குறை.

2011-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில், பல நிறுவனங்களைத் தொடங்கிய அனுபவமுள்ள ஸ்டீவ் பிளாங்க் இதைத் திருப்பிப் போட்டார். மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து வாராவாரம் வெளியே போய், வாங்கக்கூடியவர்களிடம் பேசி, தங்கள் ஊகங்களில் எது உடைந்தது என்று வகுப்பில் வந்து சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை அதே ஆண்டில் இந்த முறையை ஆராய்ச்சியாளர்களுக்கான ஐ-கோர் திட்டமாக எடுத்துக்கொண்டது. அதில் ஒரு குழு சுமார் 100 பேரையாவது நேர்காணல் செய்தாக வேண்டும்.

இந்தப் பயிற்சி மிகவும் முக்கியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்நியரிடம் சரியான கேள்வி கேட்பது யாருக்கும் இயல்பாக வருவதில்லை. "இப்படி ஒரு பொருள் வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்டால் பாதிப் பேர் நம் மனம் நோகக்கூடாது என்று "வாங்குவோம்" என்பார்கள். அதை நம்பி முதல் போட முடியாது. "கடைசியாக இந்தப் பிரச்சினை வந்தபோது என்ன செய்தீர்கள்? அதற்கு எவ்வளவு செலவானது? வேறு எதையாவது முயன்றீர்களா?" என்று நடந்ததைக் கேட்க வேண்டும். எதுவுமே செய்யவில்லை என்றால், அந்தப் பிரச்சினை அவர்களுக்கு அவ்வளவாக வலிக்கவில்லை என்று அர்த்தம். தன் யோசனையைப் பற்றி வாயே திறக்காமல் அரை மணி நேரம் பிறர் சொல்வதைக் கேட்க ஒரு மாணவர் பழகிவிட்டால், அவர் கட்டிய கட்டணத்தில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டதாக எண்ணுவேன்.

தொழில்முனைவைக் கற்றுக்கொடுக்க முடியுமா, அது பிறவிக் குணம் இல்லையா என்று இங்கே பலர் கேட்கிறார்கள். கற்றுக்கொடுக்க முடியும் என்பதற்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் 1500 சிறுதொழில் செய்பவர்களை மூன்று பிரிவாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2017-ல் சயன்ஸ் இதழில் வந்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான வணிகப் பயிற்சி. இன்னொன்றுக்குத் தானாக முன்கை எடுப்பது, வாய்ப்பைத் தேடுவது, தடை வந்தால் வேறு வழி பார்ப்பது ஆகியவற்றில் பயிற்சி. மூன்றாவதுக்குப் பயிற்சி ஏதும் இல்லை. முன்கை எடுக்கப் பழகியவர்களின் லாபம் 30 சதவீதம் கூடியது. வழக்கமான பயிற்சி பெற்றவர்களுக்கு 11 சதவீதம் என்று வந்தாலும், புள்ளியியல்படி அது உறுதியான வித்தியாசம் இல்லை. கணக்கியலை இவ்வளவு புகழ்ந்த எனக்கு இது யோசிக்க வேண்டிய முடிவுதான். ஆனால் அவர்கள் ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்தவர்கள், அது குறுகிய காலப் பயிற்சி. முழுப் பட்டப்படிப்புக்கு அதை அப்படியே பொருத்த மாட்டேன். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, முன்கை எடுக்கும் குணத்தையும் பயிற்சியால் வளர்க்க முடியும் என்பதை.

இன்னொரு ஆய்வு நெதர்லாந்தில் ஒரு கல்லூரியில் நடந்தது, 2010-ல் வெளியானது. மாணவர்கள் சிறு நிறுவனம் ஒன்றை நடத்திப் பார்க்கும் திட்டத்தில் சேர்ந்த பிறகு, தொழில் தொடங்கும் எண்ணம் அவர்களிடம் குறைந்திருந்தது. இதைச் சிலர் தோல்வி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொழிலின் அன்றாடம் எப்படி இருக்கும் என்று கிட்டத்தில் பார்த்துவிட்டு, "இது எனக்கு வேண்டாம்" என்று இருபது வயதில் ஒருவர் முடிவெடுத்தால், கடன் வாங்கி, குடும்பத்தை உள்ளே இழுத்த பிறகு அதே முடிவுக்கு வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

அப்புறம், கூட்டாளிகள். வார்பி பார்க்கர் என்ற மூக்குக்கண்ணாடி நிறுவனத்தை 2010-ல் தொடங்கிய நால்வரும் வார்ட்டனில் சந்தித்துக்கொண்டவர்கள். ஒருவர் நெருக்கடியில் எப்படி நடந்துகொள்கிறார், சொன்ன தேதிக்கு வேலையை முடிக்கிறாரா என்று குழுப் பணிகளில் வருடக்கணக்கில் பார்க்க முடிகிறது. வெளியில் இது அவ்வளவு எளிதில் கிடைக்காது. ஆனால் நட்பை நம்பிப் பங்கைச் சமமாகப் பிரித்துக்கொண்டு காகிதத்தில் எதுவும் எழுதாமல் விடாதீர்கள். நிறுவனர்களின் பங்கு நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாக உரிமையாகும்படியும், முதல் ஆண்டு முடியும் முன் விலகுபவருக்கு ஒன்றும் இல்லை என்றும் எழுதிக்கொள்வது ஸ்டார்ட்அப்களில் வழக்கமான ஏற்பாடு. பாதியில் போய்விட்ட ஒருவர் கையில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால், எந்த முதலீட்டாளரும் உள்ளே வரத் தயங்குவார்.

பல்கலைக்கழக ஆய்வகத்திலோ அதன் நிதியிலோ நீங்கள் எதையாவது உருவாக்கினால் அதன் உரிமை யாருக்கு என்பதையும் சேரும்போதே கேளுங்கள். தேடல் முடிவுகளை வரிசைப்படுத்த கூகுள் பயன்படுத்திய பேஜ்ரேங்க் என்ற முறையின் காப்புரிமை ஸ்டான்ஃபோர்டின் பெயரில்தான் இருந்தது. அதைப் பயன்படுத்தும் உரிமத்துக்காகப் பல்கலைக்கழகம் கூகுளின் பங்குகளைப் பெற்று, பின்னர் 30 கோடி டாலருக்கும் மேல் விற்றது. விதிகள் இடத்துக்கு இடம் மாறும், எழுத்தில் வாங்கிப் படித்துவிடுங்கள்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று பார்க்கும்போது தரவரிசையை ஓரமாக வைத்துவிட்டு, மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு மூன்று பேரைப் பிடித்துப் பேசுங்கள். போன பருவத்தில் வகுப்புக்கு வெளியே யாரிடம் பேசினார்கள், எதையாவது உண்மையாகவே விற்றுப் பணம் வாங்கினார்களா, பாடம் நடத்துகிறவர்களில் தொழில் நடத்தியவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதிலில் பிட்ச் போட்டிகளும் கோப்பைகளும் மட்டுமே வந்தால் வேறு இடம் பாருங்கள். உங்களுக்கு வேதியியலிலோ மென்பொருளிலோ வேளாண்மையிலோ உண்மையான ஈடுபாடு இருந்தால், அதை முதன்மைப் பாடமாக எடுத்து வணிகத்தைத் துணைப்பாடமாக வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. விற்பதற்கு ஒன்றை உருவாக்கத் தெரிந்திருக்கும்.

படிப்பு முடிந்த கையோடு தொடங்கியாக வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்றான புதிய நிறுவனங்களை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், அவற்றைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. அதே துறையில் முன்பே வேலை பார்த்தவர்களுக்கு வெற்றி வாய்ப்பு கூடுதலாக இருந்ததும் அதில் தெரிந்தது. எனவே நீங்கள் தொடங்க நினைக்கும் துறையிலேயே முதலில் ஒரு வேலையில் சேருங்கள், முடிந்தால் சிறிய நிறுவனத்தில். அங்கே விலைப்பட்டியல் யார் போடுகிறார்கள், பணம் எத்தனை நாளில் வருகிறது, எந்த வாடிக்கையாளர் ஏன் விலகிப் போகிறார் என்பதெல்லாம் உங்கள் மேசையிலிருந்தே தெரியும்.