பொருளாதார நெருக்கடி வந்தால் மக்கள் நலத்திட்டங்களை அதிகம் ஆதரிப்பார்களா?

நெருக்கடி வந்தால் நலத்திட்டங்களுக்கான ஆதரவு தானாகவே உயரும் என்ற எதிர்பார்ப்பு பாதி அளவுக்கே சரியானது. வேலையிழந்தவரும் வேலை போய்விடுமோ என்று அஞ்சுபவரும் அரசின் பாதுகாப்பை நாடுகிறார்கள். அதே வேளையில், வருமானம் சுருங்கி வரிச்சுமையை உணரும் மற்றவர்கள் அரசுச் செலவைக் குறைக்கச் சொல்கிறார்கள். 1930களின் பெருமந்தம் அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திற்கு வழிவகுத்தது. ஆனால் 2008ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பிறகு பிரிட்டனில் நலத்திட்டங்களுக்கான ஆதரவு அவ்வாறு உயரவில்லை: வரி உயர்ந்தாலும் ஏழைகளுக்கான உதவித்தொகைக்குக் கூடுதலாகச் செலவிட வேண்டும் என்றோர், 1990களின் தொடக்கத்தில் பாதிக்கு மேல் இருந்து, 2009இல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருந்தனர்.

இதைப் புரிந்துகொள்ள, உதவி யாருக்கு என்ற கேள்வியே மிக முக்கியமானது என்று நான் கருதுகிறேன். டச்சு சமூகவியலாளர் விம் வான் ஊர்ஷாட் ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, முதியோர் மீதே மக்கள் அதிக அக்கறை காட்டினர். அடுத்து நோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளும், பின்னர் வேலையற்றோர், இறுதியில் குடியேறிகள் என்ற வரிசை பெரும்பாலும் எங்கும் ஒன்றாகவே இருந்தது. தன் நிலைக்குத் தானே காரணமல்லாதவர் என்று கருதப்படுபவருக்கே பரிவு கிடைக்கிறது. வேலையின்மை பரவலாகும்போது வேலையற்றோரைக் குறைகூறும் போக்கு ஓரளவு தணியலாம்; எனினும், சிக்கன நடவடிக்கைகளை முன்வைக்கும் அரசியல்வாதிகள் உதவி பெறுவோரைச் சோம்பேறிகளாகச் சித்திரித்தால், அந்தப் பரிவு விரைவில் கரைந்துவிடுகிறது. முதியோர் ஓய்வூதியத்தைவிட வேலையற்றோர் உதவித்தொகையை வெட்டுவது அரசுகளுக்கு எளிதாக இருப்பதும் இதனால்தான். தேவை மிகுந்த நேரத்தில் நிகழும் அநீதி என்றே இதைச் சொல்வேன்.