பேப்பர் போடுவது: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தாம்பரம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். ஆங்கிலத்தில் வினாத்தாளும் பேப்பர், விடைத்தாளும் பேப்பர், பாடமும் பேப்பர், ஆய்வுக் கட்டுரையும் பேப்பர். முதலாண்டு மாணவர்கள் குழம்புகிறார்கள். தமிழில் தாள், கட்டுரை, ஆய்வேடு என்று தனித்தனியாக இருக்கும்போது நாம் ஏன் அந்தச் சொல்லைப் பிடித்துத் தொங்க வேண்டும்? இந்த விஷயத்தில் ஆங்கிலம் வறிய மொழிதானே? எங்கள் கல்லூரியில் வருஷத்துக்கு இரண்டு பேப்பர் போட்டாக வேண்டும். இந்த வருஷக் கணக்கை முடித்துவிட்டதால்தான் உங்களுக்கு எழுத நேரம் கிடைத்தது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆங்கிலம் வறியதா வளமானதா என்ற பேச்சை விடுங்கள். ஒரே சொல் நாலு வேலை பார்ப்பது எல்லா மொழியிலும் உள்ளதுதான். நீங்கள் சொல்லும் தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். வயலில் அது நெல்லின் தண்டு, மேஜையில் காகிதம், வள்ளுவர் ‘நற்றாள்’ என்னும்போது இறைவனின் திருவடி. யார் குழம்பினார்கள்? உங்கள் மாணவர்களும் குழம்ப மாட்டார்கள். “எனக்கு இன்னும் ரெண்டு பேப்பர் நிக்குது” என்று ஒருவன் சொன்னால், அரியர் என்று பக்கத்து பெஞ்சுக்குத் தெரியும். விடிகாலையில் சைக்கிளில் போகும் பையன் பேப்பர் போட்டால் அது செய்தித்தாள். பழைய மகாபலிபுரம் சாலையில் கழுத்தில் அட்டை மாட்டியவர் “பேப்பர் போட்டுட்டேன்” என்றால் வேலையை விடுகிறார். அரசாங்கம் போட்டால் வெள்ளை அறிக்கை. 2021இல் தமிழக அரசின் நிதிநிலை பற்றி ஒன்று வந்ததே, அதை யாராவது ‘வெள்ளைத் தாள்’ என்றார்களா? புழக்கம் இதையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும்.

என்னைத் தைத்தது உங்கள் கடைசி வரி. ‘கணக்கை முடித்துவிட்டதால்’. கொஞ்ச நாளாகவே மனசில் ஓடிக்கொண்டிருந்த விஷயம் இது, நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

1665இல் லண்டனில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் ஓர் ஆய்விதழ் தொடங்கினார். அதற்கு அடிப்படை, அவருக்கு ஊர் ஊராக வந்த கடிதங்கள். அந்த மாதிரி சங்கங்களில் உறுப்பினர்கள் கூடுவார்கள், ஒருவர் காகிதத்தை விரித்துப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். நாலு பேர் முன்னால் படிக்கிற காகிதம்தான் பேப்பர். 1858 ஜூலை 1 அன்று லண்டனின் இன்னொரு சங்கமான லின்னியன் சொசைட்டியில், பரிணாமம் பற்றி டார்வின், வாலஸ் இருவரும் எழுதியது படிக்கப்பட்டது. டார்வின் குழந்தையைப் பறிகொடுத்து வீட்டில் இருந்தார். வாலஸ் மலாய்த் தீவுகளில் எங்கோ. பெரிய விவாதம் ஒன்றும் அன்று நடக்கவில்லை. ஆனாலும், எழுதிய இருவருமே இல்லாதபோதும், உட்கார்ந்து படித்தார்கள்.

இங்கே கதை வேறு. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதற்கு முன்மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். பாடம் நடத்துவது கல்லூரிகளின் பாடு. பல்கலைக்கழகத்தின் வேலை தேர்வு வைப்பது, திருத்துவது, பட்டம் கொடுப்பது. ஆக, பேப்பர் நம் ஊருக்கு ஹால் டிக்கெட்டோடுதான் வந்து இறங்கியது. எழுது, கட்டு, கொடு, மறந்துவிடு. ஆய்வுக் கட்டுரையையும் இன்று அப்படித்தான் செய்கிறோம்.

சில வருஷங்களுக்கு முன் சென்னையில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். சிறப்பு விருந்தினர் தாமதம். குத்துவிளக்கு, பொன்னாடை, வாழ்த்துரை, அப்புறம் இன்னொரு வாழ்த்துரை. கட்டணம் கட்டிய எல்லோருடைய கட்டுரையும் ஐஎஸ்பிஎன் எண்ணோடு தலையணை கனத்தில் முன்கூட்டியே அச்சாகி வந்துவிட்டது. மதிய அமர்வில் ஒரு பையன் எழுந்தான். ஏரிகளின் மதகுகளுக்குக் கிராமத்தில் என்னென்ன பெயர் என்று கிழவர்களிடம் போய்க் கேட்டு எழுதியிருந்தான். கையில் இருந்த தாள்களின் ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. முதல் பத்தியைத் தாண்டவில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். “நேரமில்லை தம்பி, மீதியைப் படிச்சதா வெச்சுக்குவோம்.” எனக்கு அவனிடம் ஒரு கேள்வி இருந்தது. மடை, மதகு, கலிங்கு மூன்றையும் அந்தக் கிழவர்கள் பிரித்துச் சொன்னார்களா என்று. “கேள்வியெல்லாம் டீ டைம்ல” என்றார் தலைவர். டீ வந்தபோது பையன் சான்றிதழை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். 2016இல் பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யுஜிசியின், விதி என்ன சொன்னது? பிஎச்.டி. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் குறைந்தது ஒரு கட்டுரை, கருத்தரங்குகளில் இரண்டு. 2022இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். எடுத்து என்ன? பழக்கம் போகவில்லை. உங்கள் கல்லூரி இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறது, நீங்களும் சேர்ந்து எண்ணுகிறீர்கள்.

ராமானுஜனை நினைத்துப் பாருங்கள். பச்சையப்பன் கல்லூரியில் படித்து, பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர். கணக்கு தவிர மற்ற பேப்பர்களில் தேறவில்லை. காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதியவர். பெர்னூலி எண்கள் பற்றிய அவருடைய முதல் பேப்பர் 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வந்தது. சும்மா வந்துவிடவில்லை. இதழாசிரியர் நாராயண ஐயங்காருக்கு அது பிடிபடவில்லை, விளங்கச் சொல் என்று திரும்பத் திரும்ப அனுப்பினார். நம் ஊரில் அதற்கு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார், அம்மா! புரியவில்லை என்று சொல்ல வெட்கப்படாத மனிதர். உங்கள் இரண்டு கட்டுரைகளையும் அப்படி யாராவது திருப்பி அனுப்பினார்களா? உங்கள் துறையில் பக்கத்து நாற்காலிக்காரராவது படித்தாரா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். நாளெல்லாம் வகுப்பு, மாலையில் திருத்த வேண்டிய கட்டு, நடுவில் வீடு, இதற்கிடையில் இரண்டு கட்டுரை எழுதுவது என்ன பாடு என்று தெரியும். ஆனால் எழுதியதை முடிந்துபோன கணக்கு என்று நீங்களே சொன்னால் வேறு யார் அதைப் படிப்பார்கள்?

கேட்டதற்குப் பதில்: தேர்வுக்கு வினாத்தாள், விடைத்தாள். இதழுக்கும் கருத்தரங்குக்கும் ஆய்வுக் கட்டுரை. பட்டத்துக்குக் கொடுப்பது ஆய்வேடு. வகுப்பில் பேப்பர் என்றே சொன்னாலும் குடி முழுகிவிடாது.

ஒன்று பாக்கி இருக்கிறது. இவ்வளவு எழுதினீர்களே, அந்த இரண்டு பேப்பரும் எதைப் பற்றியவை என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அதை எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.