பதினான்கு வயது மகள் பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாமா?

கேள்வி: நாங்கள் பரந்தனுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறார். அவருடைய தாயார் கிளினிக்குக்குப் போகும் பின்னேரங்களில், இரண்டு வயதுக் குழந்தையை என் மகள் பார்த்துக்கொள்ள முடியுமா, பணமும் தருகிறேன் என்று கேட்கிறார். மகளுக்கு 14 வயது, அவளுக்கு நல்ல விருப்பம். கனடாவில் என் தங்கையின் மகள் இதற்கென்றே பயிற்சி எடுத்து உழைக்கிறாள். இங்கே விடலாமா? அவளை எப்படித் தயார்ப்படுத்துவது?

பதில்: கனடாக் கணக்கை இங்கே அப்படியே போட முடியாது. அங்கே செஞ்சிலுவைச் சங்கம் 11 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கென்று குழந்தை பராமரிப்பு வகுப்பு நடத்துகிறது. இலங்கையிலோ ஒருவரை வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆகவே சம்பளம் பேசி, நாள் குறித்து மகளை நிறுத்தாதீர்கள். அயலுக்குச் செய்யும் உதவியாக, பாடசாலைக்கும் ரியூசனுக்கும் இடைஞ்சல் இல்லாமல், நீங்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும் செய்யட்டும். பொறுப்பு உங்களுடையது, கை அவளுடையது.

இன்னொன்று. மகள் அங்கே போவதைவிட, குழந்தையை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து விடச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்கு யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்ற கவலை உங்களுக்கு இராது. அயலவர் நல்லவர்கள்தாம், ஆனாலும் பெண்பிள்ளையின் பாதுகாப்பில் முகத்தாட்சணியம் பார்க்கக்கூடாது. யாராவது நடந்துகொள்ளும் விதம் பிடிக்காவிட்டால் "மாட்டேன்" என்று சொல்லலாம், உடனே உங்களிடம் வந்து சொல்லலாம் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிறுவர் பாதுகாப்புக்கான 1929 என்ற இலக்கமும் மனப்பாடமாக இருக்கட்டும்.

பயிற்சியைக் குழந்தையில் தொடங்காதீர்கள், வளவில் தொடங்குங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்து பாருங்கள். கிணற்றுக்குக் கட்டு இருக்கிறதா, மூடி இருக்கிறதா? கிணற்றடியில் தண்ணீரோடு நிற்கும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். இரண்டு வயதுக் குழந்தைக்குத் தலைப்பாரம் அதிகம், அரை வாளித் தண்ணீருக்குள் தலைகீழாக விழுந்தால் தானாக எழும்ப முடியாது. அடுத்தது போத்தல்கள். மண்ணெண்ணெயையும் களைகொல்லியையும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. அவற்றைப் பூட்டி வையுங்கள். தப்பித்தவறிக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யக்கூடாது. போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வேலியோரம் மஞ்சள் அலரி நிற்கிறதா? அதன் விதை கொடிய நஞ்சு. விறகுக் குவியலுக்குக் கிட்டே குழந்தையை விடக்கூடாது, பாம்பு ஒதுங்கும் இடம் அது. கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் வன்னியில் இன்னும் இருக்கின்றன. ஆகவே மண்ணில் ஏதாவது இரும்புப் பொருள் தட்டுப்பட்டால் தொடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பி வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும்.

முதலுதவியில் அவள் கட்டாயம் பழக வேண்டியது, தொண்டை அடைத்தால் என்ன செய்வது என்பது. கச்சான், புளியங்கொட்டை, இலந்தைக்கொட்டை எல்லாம் இந்த வயதுக் குழந்தையின் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை. குழந்தை சத்தமாக இருமினால் இருமவிட வேண்டும், அதுதான் நல்ல அறிகுறி. சத்தம் வராமல் முகம் நீலம் பாரித்தால் உங்களைக் கூப்பிட்டபடியே செயலில் இறங்க வேண்டும். குழந்தையை முன்பக்கம் சாய்த்து, முதுகில் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை பலமாகத் தட்ட வேண்டும். வெளியே வரவில்லையா? பின்னால் முழந்தாளிட்டு, பொத்திய கையைத் தொப்புளுக்குச் சற்று மேலே வைத்து, மற்றக் கையால் அதைப் பிடித்து, உள்ளேயும் மேலேயுமாக ஐந்து முறை வெட்டி இழுக்க வேண்டும். வரும்வரை இரண்டையும் மாறிமாறிச் செய்ய வேண்டும். பொருள் கண்ணுக்குத் தெரியாதபோது வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக்கூடாது, அது இன்னும் உள்ளே போய்விடும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வயிற்றை அழுத்தும் முறை ஆகாது, அதற்கு வேறு முறை இருக்கிறது.

இதை வாசித்துப் பழக முடியாது, பொம்மையில் செய்து பார்க்க வேண்டும். பாடசாலையில் சென் ஜோன் முதலுதவிப் படை இருந்தால் மகளைச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளையில் விசாரியுங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் கேட்கலாம்.

சுடுதண்ணீரோ கஞ்சியோ கொட்டிவிட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடிக்க வேண்டும். குழாய் இல்லாவிட்டால் செம்பால் ஊற்றிக்கொண்டே இருக்கலாம். பற்பசை, தேங்காயெண்ணெய் எதுவும் பூசக்கூடாது. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம், ஆட்டாமல் அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். 1990 ஐ அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். மருந்து எதையும், பனடோல் பாணியைக்கூட, மகள் தானாகக் கொடுக்கக்கூடாது.

அழுகைக்கும் தயாராக வேண்டும். குழந்தையை விட்டுப் போகிறவர் கண்ணில் படாமல் நழுவாமல், சொல்லிவிட்டே போகட்டும். கொஞ்ச நேரம் அழும், பிறகு மணல் அள்ளி விளையாடப் போய்விடும். அழுகை நிற்காமல் மகளுக்குக் கோபம் ஏறினால் குழந்தையைப் பாயில் இருத்திவிட்டு இரண்டு அடி தள்ளி நின்று உங்களைக் கூப்பிட வேண்டும். எக்காரணம் கொண்டும் பிடித்து உலுக்கக்கூடாது. குழந்தையைப் பார்க்கும் நேரம் முழுவதும் மகளின் கைபேசி உங்களிடம் இருக்கட்டும். என்னைக் கேட்டால், வளவுக்குள் பாம்பைவிட, கவனத்தைப் பறிக்கும் அந்தக் கைபேசிக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

கடைசியாக, தாயிடம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பல தொழிற்சாலைகளில் வேலை நேரத்தில் கைபேசியைக் கையில் வைத்திருக்க விடமாட்டார்கள். அவருடைய கைபேசி இலக்கம் மட்டும் இருந்து பயனில்லை. அவசரத்துக்கு அவரை அழைத்துக் கொடுக்கக்கூடிய அலுவலக இலக்கமோ மேற்பார்வையாளரின் இலக்கமோ வேண்டும். அது கைக்கு வரும்வரை குழந்தையைப் பொறுப்பெடுக்க வேண்டாம்.