ஒரு கேஸை வைத்து மூன்று வருடத்தை அளப்பது

அன்புள்ள டாக்டர்,
நான் எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) மூன்றாம் வருடம், ரூட் கெனால் பிரிவு. செய்த கேஸ்களை எழுதிவைக்கும் லாக் புக்கில் கையெழுத்துப் போடும்போது கேஸ் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார்கள். கடைசியில் ப்ராக்டிகல் தேர்வு அன்று ஒரு நோயாளிக்கு என்ன செய்கிறேனோ அதுதான் என் கைத்திறன் என்று முடிவாகிறது. இது சரியா? வேறு எப்படித்தான் மதிப்பிடுவது?
ம.

அன்புள்ள ம.,

சரியில்லை. வெளி எக்ஸாமினர் வந்து பார்ப்பது அவசியம்தான், அதை விடச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அமைந்த கடைவாய்ப்பல்லில் வேருக்குள் போகும் கால்வாய் நேராக இருந்தால் ஒரு மார்க், வளைந்து சுண்ணம் படிந்திருந்தால் இன்னொரு மார்க் என்றால், அளக்கப்படுவது கேஸ்தான், நீங்கள் இல்லை.

மருத்துவக் கல்வி நிபுணர் ஜார்ஜ் மில்லர் 1990இல் ஒரு பிரமிடு போட்டுக் காட்டினார்: விஷயம் தெரியும், எப்படிச் செய்வதென்று தெரியும், செய்து காட்ட முடியும், அன்றாடம் அப்படியே செய்கிறார். நம் ப்ராக்டிகல் மூன்றாவது படியிலேயே நின்றுவிடுகிறது. நான்காவதைத் தெரிந்துகொள்ள ஒரு சாதாரண ஓபி நாளில் சேருக்குப் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். அமெரிக்காவில் ஜான் நார்சினியும் சகாக்களும் 1995இல் எழுதிய மினி-சிஇஎக்ஸ் முறை இதுதான்: பயிற்சி மருத்துவர் வேலை செய்வதைக் கொஞ்ச நேரம் பார்ப்பது, அங்கேயே பேசிவிடுவது, அதையே வேறு வேறு நோயாளிகள், வேறு வேறு ஆசிரியர்கள் என்று வருடம் முழுக்கத் தொடர்வது. ஒரு கேஸின் அதிர்ஷ்டமும் ஒரு ஆசிரியரின் கறார்த்தனமும் அப்போது கரைந்துபோகும். ஸ்காட்லாந்தில் பல் மருத்துவர்களின் மேற்பயிற்சிக்கென்றே இந்த வழியில் ஒரு முறையை உருவாக்கி 2002இல் வெளியிட்டார்கள், நார்சினியும் அதில் உண்டு.

எக்ஸ்ரேயைப் பார்த்தே மார்க் போட்டுவிடலாமே என்பார்கள். ஃபில்லிங் வேர்நுனி வரை சரியாகப் போயிருக்கிறதா, நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று எக்ஸ்ரே சொல்லும். கால்வாயைச் சுரண்டும் ஒவ்வொரு ஃபைலுக்கும் (மெல்லிய கருவி) நடுவே ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினி விட்டுக் கழுவினீர்களா, ஊசி போட்டபின் மரத்துவிட்டதா என்று சோதித்துவிட்டுத்தான் பல்லைத் திறந்தீர்களா, நோயாளி வலியில் கையைத் தூக்கியபோது நிறுத்தினீர்களா என்பதெல்லாம் அதில் எப்படித் தெரியும்? ஆறு மாதம் கழித்து அந்தப் பல் மறுபடி வலிக்குமா என்பதில் கழுவிய விதத்துக்கும் பங்கு உண்டு, அப்புறம் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

பல்கலைக்கழகம் மாறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் கைடிடம் போய், "மேடம், அடுத்த கேஸில் ஊசி போடுவதிலிருந்து ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லைப் பிரித்து வைக்கும் ரப்பர் தாள்) மாட்டும்வரை மட்டும் கூட நின்று பாருங்கள், முடிந்ததும் எதை மாற்றணும்னு சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அடுத்த மாதம் வேறொரு ஸ்டாஃபிடம் இதையே கேளுங்கள், கஷ்டமான கேஸாகப் பார்த்து.