பழைய கார்டு வேனை வாங்கி தோட்டத்துல வைக்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, எங்க ஆழ்வார்குறிச்சி தோட்டத்துல கூட்ஸ் வண்டியோட கடைசியில ரயில்வே கார்டு உக்காந்து போற பெட்டி, அதான் பழைய கார்டு வேன் ஒண்ணை வச்சு அறை மாதிரி ஆக்கணும்னு ஆசை, ஒரு பழைய இரும்புக் கடைக்காரர் வாங்கித் தாரேங்காரு, நம்பலாமா?

பதில்: ஆசை அருமையான ஆசை தம்பி, அந்த வேன் பின்னாடி திண்ணை மாதிரி இருக்குமே, சாயங்காலம் அதுல உக்காந்து பொதிகை மலையைப் பாக்கதுக்கு கொடுத்து வச்சிருக்கணும். ஆனா கடைக்காரர் கிட்ட ரயில்வே ஏலத்துல எடுத்த ரசீது, டெலிவரி பேப்பர் இல்லன்னா தொடவே தொடாதீங்க, கணக்கு காட்ட முடியாத ரயில்வே சாமான் கையில இருந்தா 1966-ம் வருஷ ரயில்வே சொத்துச் சட்டப்படி கேஸ் ஆயிரும். கழிச்சுப் போட்ட வண்டிகளை ரயில்வே தன்னோட ஐஆர்இபிஎஸ் (IREPS)ங்கிற இணையதளத்துல ஆன்லைன் ஏலம் விடுது, நீங்களே பதிஞ்சுக்கலாம். சக்கரம் சேர்த்தா இல்லையா, முழுசா தருவாங்களா வெட்டித்தான் எடுக்கணுமான்னு அறிவிப்பை வரி வரியா படிங்க, அதோட நேர்ல போய் துரு எவ்வளவுன்னு தட்டிப் பாத்துருங்க.

நிஜமான செலவு கொண்டு வாரதுலதான். லாரியில 2.6 மீட்டருக்கு மேல அகலம் போனா தனி பெர்மிட் வேணும், கிரேன் வேற, உங்க ஊர் சந்துல திரும்புமான்னு முதல்ல அளந்துக்கிடுங்க. வச்சா தண்டவாளத் துண்டு மேலயே வைங்க, அகலப்பாதைக்கு (பிராட்கேஜ்) ரெண்டு தண்டவாளத்தோட உள்விளிம்புக்கும் இடையில 1676 மில்லிமீட்டர், அடியில கான்கிரீட் கண்டிப்பா. பழைய பெயிண்டுல ஈயம் இருக்கலாம், காய்ஞ்சபடி சுரண்டாதீங்க, பிள்ளைங்க பக்கத்துல வேண்டவே வேண்டாம். சித்திரை வெயிலுக்கு இரும்பு அடுப்பா கொதிக்கும், அதனால மேல தனியா ஓலைக்கூரை போட்டு ஒரு அடி இடைவெளி விடுங்க.