கேள்வி – பதில்: மூணாறு ரயில்

கேள்வி: மூணாறில் ஒரு காலத்தில் ரயில் ஓடியதாமே, அது என்ன ஆனது? – வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: போடிக்காரர் கேட்கிற கேள்வியா இது! உங்கள் ஊருக்கு மேலே டாப் ஸ்டேஷன் இருக்கிறதே, மூணாறிலிருந்து அதுவரை ஓடியது. 1908-இல் போட்ட, இரண்டே அடி அகலப் பாதை. தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கும். 1924 ஜூலை மழை அத்தனையையும் வாரிக்கொண்டு போய்விட்டது. மலையாள நாட்காட்டியில் அது கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகளுக்கு இன்றும் அது 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்'. தண்டவாளத்தை அப்புறம் யாரும் போடவில்லை. பழைய ஆலுவா சாலையும் போய், நேரியமங்கலம் வழியாக 1931-இல் புதுச் சாலை வந்தது.

சரி, ரயில் கதை சுவாரஸ்யம்தான். ஆனால் என்னைக் கேட்டால், மூணாறு என்றதும் முதலில் பேச வேண்டியது பெட்டிமுடியை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களை மூடியது. 70 உயிர்கள். பெரும்பாலும் தமிழர்கள்; கயத்தாறு பக்கத்தைச் சொந்த ஊராகக் கொண்ட குடும்பங்கள் பல. மழையில் கரண்ட் இல்லை, செல்போன் டவரும் வேலை செய்யவில்லை. வெளியுலகுக்குத் தெரிந்ததே மறுநாள் காலையில்தான்.